மாசி வெயில், தனுக் குளிர்: ஒரு கருப்பட்டியின் பயணம்

விடியலுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே பாலராமபுரத்துச் சாலியர் நெசவுத் தெரு எழுந்துவிடும். நான் சிறுவனாகப் பார்த்த காலத்தில் தெருவின் நீளத்துக்குப் பாவு இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதன் இரு பக்கமும் ஆணும் பெண்ணுமாக நின்று, கஞ்சி தோய்த்த பெரிய பிரஷ்ஷால் ஒரே சீராக நீவிக்கொண்டே போவார்கள். வெயில் ஏறுவதற்குள் அந்த வேலை முடிய வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கஞ்சி இழையில் ஒட்டும் முன்பே காய்ந்துவிடும், தறியில் நூல் அறும். தனு மாதத்தில், அதாவது நம்முடைய மார்கழியில், அந்த நேரத்தில் தெருவெல்லாம் பனி இறங்கியிருக்கும். ஈரக் கஞ்சியிலேயே கிடந்த விரல்கள் சுருங்கி வெளுத்துப்போகும்.

அந்த வேளையில் எந்த வீட்டிலிருந்தாவது ஒரு செம்பு வரும். அதைத் திறந்தால் முதலில் மூக்கைத் தொடுவது சுக்கின் காரம். அதற்கு அடியில், சற்றுத் தாமதமாக, புகையும் இனிப்பும் கலந்த ஒரு வாசம் எழும். அது கருப்பட்டி. "ஒரு மொடக்கு உள்ள போனாத்தான் வெரலு மடங்கும்" என்று தெருப் பெரியவர் ஒருவர் சொல்வார். குவளையை வாய்க்குக் கொண்டுபோகுமுன் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். முதலில் கைக்கு, பிறகுதான் வாய்க்கு.

திருவனந்தபுரம் வட்டாரத்தில் டிசம்பர், ஜனவரி விடியலில் வெப்பமானி 22 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். ஊட்டியில் இருப்பவர்கள் இதைக் குளிர் என்றே சொல்ல மாட்டார்கள். ஆனால் பகலெல்லாம் 31, 32 டிகிரியில் வியர்த்துப் பழகிய உடம்புக்கு அந்தப் பத்து டிகிரி இறக்கம் நன்றாகவே தெரியும். அதிலும் குழித்தறி நெசவாளருக்கு. தரையைத் தோண்டிய குழியில் காலைத் தொங்கவிட்டு, மிதிகட்டையை மிதித்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். குழியின் ஈரம் நூலுக்கு நல்லது, மெல்லிய இழை முறியாமல் காக்கும். மனிதனின் முழங்காலுக்கு அது நல்லதல்ல. தெருவில் வயதானவர்களிடம் பேசினால் முதலில் மூட்டு வலியைப் பற்றித்தான் பேச்சு வரும். அவர்களுக்குச் சுக்குக் காப்பி விருந்தாளிக்குக் கொடுக்கும் பானமாக இருந்ததில்லை. பல் தேய்ப்பது போல, தலை துவர்த்துவது போல, காலையில் உடம்புக்குச் செய்யும் காரியங்களில் ஒன்று.

அந்தச் செம்புக்குள் கரைந்து கிடக்கும் கருப்பட்டி எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அங்கிருந்து தெற்கே 16 கிலோமீட்டர் அளவில் பாறசாலை. அதைத் தாண்டினால் களியக்காவிளை, பிறகு தமிழ்நாடு. அந்த எல்லையோரத்துப் பனங்காட்டில்தான் என் பாட்டா, அதாவது தாத்தா, பனையேறினார்.

கருப்பட்டி பிறப்பது வெயில் காலத்தில். இதைத் தெரியாதவர்கள், குளிர்காலத்துப் பொருள் குளிர்காலத்தில்தான் உண்டாகும் என்று நினைத்துவிடுகிறார்கள். தை பிறந்து பனை பாளை விடும். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி என்று வெயில் ஏற ஏற அக்கானி ஊறும். தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் பதநீர் என்று சொல்வதைத்தான் நாஞ்சில் நாட்டிலும் நெய்யாற்றின்கரைப் பக்கத்திலும் அக்கானி என்கிறோம். எல்லைக் கோடு போட்ட பிறகும் இரண்டு பக்கமும் மாறாமல் நிற்கும் சொற்களில் அது ஒன்று.

பாட்டா எழும்போது நட்சத்திரம் இருக்கும். இடுப்பில் அரிவாள் பெட்டி. அதற்குள் பாளை சீவும் அரிவாள், ஒரு சிறு சுண்ணாம்புக் குப்பி. காலில் நார்த் திளாப்பு, அதாவது தளை. நெஞ்சு உராயாமல் இருக்க ஒரு தோல். பனையை இரண்டு கையாலும் தழுவி, காலை ஒடுக்கி, உன்னி உன்னி ஏறுவார். அறுபது எழுபது அடி உயரத்தில் மட்டைகளுக்கு நடுவே ஒரு காலை ஊன்றிக்கொண்டு, பாளையைக் கடிப்பால் மெதுவாக நெரிப்பார். கடிப்பு என்பது இடுக்கி மாதிரி இருக்கும் இரண்டு மரக்கட்டைகள். அதிகம் நெரித்தால் பாளை பட்டுவிடும், குறைவாக நெரித்தால் சுரக்காது. எவ்வளவு என்பது கைக்குத்தான் தெரியும். சில நாள் இப்படிப் பதப்படுத்திய பிறகு நுனியை மெல்லிய வில்லையாகச் சீவி, கலயத்தைக் கட்டித் தொங்கவிடுவார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருக்கும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் ஊறும் சாறு புளித்து, விடியுமுன் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு கூடிப்போனால் கருப்பட்டி வாயில் கரிக்கும்.

ஒரு நாளைக்குக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் முப்பது பனை, நாற்பது பனை. ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை காய்ந்துபோகும். அதனால் பனையேறிக்குக் காய்ச்சலடிக்க நேரமில்லை, கல்யாண வீடு இல்லை, ஊர்த் திருவிழா இல்லை. பனையேறும் ஆறு மாதத்துக்குப் பாட்டா ஒரு வேளை முழுதாக உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்ததில்லை. அவருடைய நெஞ்சில் நடுவில் ஒரு தழும்பு இருந்தது, யானைத் தோல் மாதிரி. நான் அதைத் தொட்டுப் பார்ப்பேன். வலிக்கிறதா என்று கேட்டால் சிரிப்பார்.

இறக்கிய அக்கானியைக் காய்ச்சுவது பாட்டியின் வேலை. இந்தத் தொழிலில் ஆண் மரத்தில் ஏறுகிறான் என்பது எல்லாருக்கும் தெரியும். அடுப்படியில் பெண் நிற்பது பேச்சில் வருவதில்லை. பங்குனி வெயிலில், ஓலைக் கூரைக்கடியில், கொதும்பும் பனைமட்டையும் எரியும் அடுப்பின் முன்னால் மூன்று மணி நேரம் கிண்டிக்கொண்டே நிற்க வேண்டும். முதலில் நுரை பொங்கும். ஆமணக்கு விதை ஒன்றிரண்டை நசுக்கிப் போட்டால் அடங்கும். நிறம் தேனாகி, பிறகு செம்மையாகி, பிறகு கறுக்கத் தொடங்கும். குமிழிகள் சிறியனவாக இருந்தவை பெரிதாகி, கடைசியில் "பொளக் பொளக்" என்று வெடிக்கும். பாட்டி ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள். உருண்டு நின்றால் பதம். உடனே இறக்கி, துடுப்பால் துழாவி, வரிசையாக மணலில் பதித்து வைத்திருக்கும் சிரட்டைகளில் ஊற்றுவாள். அரை மணியில் உறைந்துவிடும். சிரட்டையைக் கவிழ்த்துத் தட்டினால் அரைக்கோளமாகக் கருப்பட்டி விழும். அதன் முதுகில் சிரட்டையின் நரம்புக் கோடுகள்கூடப் பதிந்திருக்கும்.

பத்து லிட்டர் அக்கானி காய்ச்சினால் ஒன்று, ஒன்றேகால் கிலோ கருப்பட்டி கிடைக்கும். ஒரு கிலோவுக்குள் எத்தனை ஏற்றமும் இறக்கமும் இருக்கிறது என்பதைக் கடைக்காரர் எடைக் கல்லில் பார்க்க முடியாது.

அடுத்த கட்டம்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது. கருப்பட்டி ஈரத்தை இழுக்கும். இடவப்பாதி மழை பிடித்தால், வெளியே வைத்த கருப்பட்டி வியர்த்துக் கசிந்து ஒழுகிவிடும். அதனால் அதை ஓலைப் பெட்டியில் அடுக்கி, அடுப்புக்கு நேர் மேலே பரணில் ஏற்றிவிடுவார்கள். அங்கே இரண்டு மழைக்காலம் முழுக்க, ஜூனில் வரும் பெருமழையும் ஐப்பசித் துலாமழையும் போகும் வரை, தினமும் மூன்று வேளை அடுப்புப் புகையில் அது உட்கார்ந்திருக்கும். மேல் தோல் இறுகும், கறுப்பு ஏறும், வாசம் மாறும். இந்தப் பழைய கருப்பட்டிக்குப் புதிய கருப்பட்டியைவிட விலை அதிகம். மருந்துக்கும் பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் இதைத்தான் கேட்டு வாங்குவார்கள். மாசி வெயிலில் ஊறி, பங்குனி அடுப்பில் வெந்து, எட்டு ஒன்பது மாதம் புகையில் காய்ந்து, தனு மாதக் குளிருக்குக் கீழே இறங்கி வரும். வெயில் காலத்துச் சூட்டைக் குளிர்காலத்துக்கு எடுத்துவைக்கும் வித்தை அது.

இதே மண்ணில் நடந்த இன்னொன்றை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. ஊருக்கெல்லாம் உடம்பு சூடாக்கும் இந்தப் பொருளைச் செய்துகொடுத்த நாடார் பெண்கள், தென் திருவிதாங்கூரில் தோளில் ஒரு துணி போட உரிமை இல்லாமல் இருந்தார்கள். மேல்சாதியாருக்கு முன்னால் மார்பை மூடக் கூடாது என்பது வழக்கம் மட்டுமல்ல, அதிகாரத்தின் ஆணையும்கூட. கிறிஸ்தவத்துக்குப் போன பெண்கள் குப்பாயம் என்னும் மேல்சட்டை அணியத் தொடங்கியபோது சந்தையிலும் சாலையிலும் அது கிழிக்கப்பட்டது. 1822-இல் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் விட்டு விட்டு 37 ஆண்டுகள் நடந்தது. 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா வெளியிட்ட அறிவிப்பில்தான், நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம், அல்லது கடலோரப் பெண்களைப் போலக் கனத்த துணி சுற்றிக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது.

வரைபடத்தைப் பாருங்கள். வடக்கே சில மைல் தொலைவில் மெல்லிய வெள்ளைத் துணி நெய்யும் தெரு. தெற்கே அதே துணியின் ஒரு முழம் தோளில் விழுந்தால் அடி விழும் ஊர்கள். மார்கழி விடியலில் குளிரில் நின்ற பெண்ணுக்கு வேறு எதுவும் இல்லை, அந்தச் சுக்கு வெந்நி மட்டும்தான் இருந்தது. உடம்பைச் சூடாக வைத்துக்கொள்வது என்று நாம் இன்று சாதாரணமாகச் சொல்கிறோம். என் பாட்டியின் பாட்டிக்கு அது சாதாரணமாக இருக்கவில்லை.

பாலராமபுரத்துக்கு வருவோம். அந்த ஊரின் பெயரே ஓர் அரசனின் பெயர். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட அவிட்டம் திருநாள் பாலராம வர்மாவின் காலத்தில், தளவாய் உம்மிணித் தம்பியின் முயற்சியால் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்கள் இங்கே கொண்டுவந்து குடியேற்றப்பட்டன. அரண்மனைக்கு மெல்லிய துணி வேண்டும் என்பது நோக்கம். ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, புதுத் தெரு, விநாயகர் தெரு என்று அவர்கள் குடியிருப்பு வளர்ந்தது. இன்று பாலராமபுரம் கைத்தறிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. சேலையின் இரு புறமும் கரை ஒன்று போல வருவது அந்தத் தறியின் பெருமை.

தெற்கிலிருந்து வந்தவர்கள் நாக்கையும் உடன் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குக் கருப்பட்டி புதிதல்ல. பாறசாலையிலும் மார்த்தாண்டத்திலும் ஓலைப் பெட்டியில் கட்டிய கருப்பட்டி, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை வழியாக வண்டியில் வடக்கே ஏறி, பாலராமபுரம் முக்கில் இறங்கும். அந்த முக்கில் ஒரு சாலை கிழக்கே காட்டாக்கடைக்கு, ஒன்று மேற்கே விழிஞ்ஞம் கடலுக்கு. மலையிலிருந்து மிளகும் இஞ்சியும் கிழக்குச் சாலையில் வரும், கடலிலிருந்து கருவாடு மேற்குச் சாலையில் வரும், தெற்கிலிருந்து எங்கள் கருப்பட்டி வரும். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அன்றிலிருந்து பாட்டா வீட்டுக் கருப்பட்டி ஒரு மாநிலத்தில் காய்ந்து இன்னொரு மாநிலத்தில் கரைகிறது. சுவையில் மாற்றம் ஒன்றும் இல்லை.

செம்பில் கருப்பட்டியோடு சேரும் சுக்கு அதைவிட நெடுந்தூரம் போய் வந்த பொருள். பாலராமபுரத்திலிருந்து வடக்கே 80 கிலோமீட்டர் அளவில் இருக்கும் கொல்லத்தின் இஞ்சி, 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோவின் குறிப்பில் ஊர்ப் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. இத்தாலிய வணிகர்கள் அதைக் கொல்லத்து இஞ்சி என்று தனி ரகமாகவே விலை பேசினார்கள். அதற்கும் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு முன்பே கிரேக்கர்கள் அதைச் 'சிங்கிபெரிஸ்' என்று அழைத்தார்கள். அந்தச் சொல்லின் வேரில் நம்முடைய 'இஞ்சி வேர்' இருக்கிறது என்பது மொழியியலாளர்களின் கருத்து. குளிர் நாட்டுக்காரர்கள் தங்கள் குளிருக்கு நம் வெப்ப மண்ணின் வேரைத் தேடி வந்திருக்கிறார்கள்.

இஞ்சி சுக்காவதும் பொறுமையான வேலை. நன்கு முற்றிய கிழங்கை ஊறவைத்து, மூங்கில் சீவலால் தோலைச் சுரண்ட வேண்டும். இரும்புக் கத்தி பட்டால் கறுத்துவிடும். தோலுக்கு ஒட்டினாற்போல்தான் மணத் தைலம் இருக்கிறது, ஆழமாகச் சுரண்டினால் மணம் போய்விடும். பிறகு எட்டுப் பத்து நாள் வெயில். ஐந்து கிலோ இஞ்சி காய்ந்து ஒரு கிலோ சுக்காகும். காயும்போது உள்ளே ஒரு மாற்றம் நடக்கிறது. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால், நீரை இழந்து ஷோகவால் என்ற பொருளாகிறது. ஜப்பானிய மொழியில் இஞ்சிக்கு 'ஷோகா' என்று பெயர், அதிலிருந்து வந்த சொல் அது. இதன் காரம் ஜிஞ்சராலைவிடக் கடுமை. இஞ்சி டீக்கும் சுக்குக் காப்பிக்கும் தொண்டையில் தெரியும் வித்தியாசம் இதுதான்.

எங்கள் வீட்டில் அது தயாராகும் விதத்தைச் சொல்கிறேன். விரல் நீளச் சுக்கின் மேல்தோலைச் சுரண்டி, அம்மியில் வைத்துத் தட்டுவார்கள். மிக்சியில் மாவாக்கினால் காப்பி குழம்பிப்போகும், தட்டினால் நார் தனியே நிற்கும். பத்து மிளகு. இரண்டு ஏலக்காய் இருந்தால் நல்லது. முற்றத்துத் துளசி ஒரு பிடி, சளி இருந்தால் பனிக்கூர்க்கை, அதாவது கற்பூரவல்லி, இலை நாலு. கருப்பட்டியைத் தனியாக வெந்நீரில் கரைத்து வடிகட்ட வேண்டும். இதை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது. நல்ல கருப்பட்டியின் அடியில் கொஞ்சம் மணலும் சுண்ணாம்பும் ஓலைத் துரும்பும் கட்டாயம் தங்கும். பிறகு எல்லாம் சேர்ந்து நாலு குவளை தண்ணீர் மூன்றாகும் வரை கொதிக்க வேண்டும். காப்பித்தூள் கடைசியில் அரைக் கரண்டி, போடாமலும் இருக்கலாம். எங்கள் பாட்டி போட்டதே இல்லை, ஆனாலும் அதற்குப் பெயர் காப்பிதான். பால் சேர்ப்பது நான் ஏற்றுக்கொள்ளாத ஒன்று.

குளித்துவிட்டு வந்தவுடன் பாட்டி முதலில் துண்டால் தலையை அழுத்தித் துவர்த்திவிடுவாள். உச்சியில் ஒரு சிட்டிகை ராஸ்னாதிப் பொடியைத் தேய்ப்பாள். அதற்குப் பிறகுதான் குவளை கைக்கு வரும். "மக்களே, ஆறுதுக்கு முன்ன குடிச்சிரு, நெஞ்சில கெடக்கது எளகும்" என்பாள். ஒரு வாய் குடித்து நான் முகத்தைச் சுளித்தால், கருப்பட்டியில் ஒரு சிறு துண்டு உடைத்து என் கடைவாயில் வைப்பாள். காரமும் இனிப்பும் வாயில் மாறி மாறி வர, காது மடல் சூடாகும்.

அந்தச் சூடு என்ன என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நம் வாயிலும் தொண்டையிலும் வெப்பத்தை உணர்த்தும் நரம்பு வாயில்கள் இருக்கின்றன. கொதிக்கும் பொருள் பட்டால் திறக்கும் அதே வாயிலைச் சுக்கின் காரமும் மிளகின் காரமும் திறந்துவிடுகின்றன. தோலுக்கடியில் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, கையும் காதும் கதகதக்கின்றன. 2012-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 10 ஆண்களுக்கு உணவோடு 2 கிராம் சுக்குப்பொடியை வெந்நீரில் கரைத்துக் கொடுத்துப் பார்த்தபோது, உணவு செரிக்கும்போது உடல் செலவிடும் வெப்பம் சற்றுக் கூடியிருந்தது, பசியும் குறைந்திருந்தது. பத்துப் பேரை வைத்துச் செய்த சிறு சோதனைதான். ஆனால் பாட்டி சொன்னதற்கு அது விரோதமாக இல்லை.

சபரிமலைக்குப் போகிறவர்களுக்கும் இது தெரியும். கார்த்திகை, மார்கழியில் மலையேறும் வழியில் தேவஸ்வம் கொடுக்கும் சுக்குவெள்ளத்தில் சுக்கோடு ராமச்சம் என்னும் வெட்டிவேரும் பதிமுகம் என்னும் மரச்சீவலும் கொதித்திருக்கும். இளஞ்சிவப்பாக, ஆவி பறக்க வரும் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஏறியவர்களுக்குக் கால் ஓயாது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கருப்பட்டியில் இரும்புச்சத்து முதலியவை கொஞ்சம் உண்டு, அது வெள்ளைச் சர்க்கரையைவிட மேலானது. ஆனால் அதன் பெரும்பகுதி சர்க்கரைதான். நீரிழிவு உள்ளவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று சிலர் சொல்லி விற்பது தவறு. அவர்களுக்குக் கருப்பட்டி போடாத சுக்குத் தண்ணீரே போதும். வயிற்றுப்புண் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் குடிக்கக் கூடாது. நல்ல பொருளுக்குப் பொய்ப் பெருமை தேவையில்லை.

அந்தப் பொருள்தான் இப்போது கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. எல்லையோரத்தில் மலைப்பக்கம் ரப்பர் வந்தது, தாழ்ந்த பக்கம் வீட்டு மனை வந்தது. செங்கற்சூளைக்குப் பனை விறகானது. பனங்கொட்டை முளைத்து மரமாகிப் பாளை விட 12, 15 ஆண்டுகள் ஆகும், வெட்ட அரை மணி போதும். என் அப்பா பனையேறவில்லை, பாட்டா ஏறவிடவில்லை. "ஒன்னய ஏறவிட்டா நான் இத்தன நாளு ஏறுனதுக்கு அர்த்தமில்ல" என்றாராம். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. கூடப் பனையேறியவர்களில் விழுந்து இடுப்பொடிந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். அந்த வேலைக்கு ஊர் கொடுத்த மரியாதை என்ன என்பதும் அவருக்குத் தெரியும்.

பனையேறி குறைந்தார், கருப்பட்டியின் தேவை குறையவில்லை. அந்த இடைவெளியில் போலி நுழைந்தது. மலிவான சர்க்கரையைப் பாகு காய்ச்சி, கொஞ்சம் கருப்பட்டிக் கழிவும் நிறமும் சேர்த்து, சிரட்டையில் ஊற்றி விற்கிறார்கள். இரண்டு ஆண்டுக்கு முன் நானே ஏமாந்தேன். நெடுஞ்சாலையோரக் கடையொன்றில் பளபளப்பாக இருந்ததைக் கண்டு இரண்டு கிலோ வாங்கி வந்தேன். அம்மா உடைத்துப் பார்த்தாள். உள்ளே கண்ணாடித் துண்டு போலப் பரல் மின்னியது. வெந்நீரில் போட்டால் அடியில் ஒரு துளி மணல்கூட இல்லை, வாசம் இல்லை. நாக்கில் வெறும் இனிப்பு மட்டும் நின்றது. "இதில அக்கானியே படல மக்களே" என்றாள். அன்று சுக்குக் காப்பி போட்டோம், யாரும் இரண்டாவது குவளை கேட்கவில்லை.

அசலைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. உடைத்தால் உள்ளே மங்கலான பழுப்பு, நிறம் எல்லா இடத்திலும் ஒன்று போல இருக்காது. மேலே புகை ஏறியிருக்கும். மழைக்காலத்தில் வியர்க்கும். கரைத்தால் அடியில் கசடு தங்கும். வாயில் போட்டால் இனிப்புக்குப் பின்னால் ஒரு மெல்லிய கரிப்பு வரும், அது கலயத்தின் சுண்ணாம்பு. விலையும் சொல்லிவிடும்: சர்க்கரைக்குப் பக்கத்து விலையில் யாராவது கருப்பட்டி தருகிறார்கள் என்றால் அது கருப்பட்டி இல்லை.

நல்ல செய்தியும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் கொடுக்கப்படும் என்றும், மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றும் அறிவித்தார்கள். 2023-இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் விதை போட்டால் பனை வந்துவிடும், பனையேறி வர மாட்டார். அவருக்குப் பாதுகாப்பான ஏறு கருவி வேண்டும், விழுந்தால் குடும்பம் தெருவுக்கு வராதபடி காப்பீடு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அவர் காய்ச்சும் கருப்பட்டிக்கு உள்ளபடி விலை வேண்டும்.

போன தனு மாதத்தில் பாலராமபுரம் போயிருந்தேன். தெருவில் பாவு இழுப்பது மிகவும் குறைந்துவிட்டது. தறிச் சத்தம் சில வீடுகளிலிருந்து மட்டும் வந்தது. ஒரு வீட்டுத் திண்ணையில் பழைய நெசவாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தான் நெய்த பழைய முண்டை இரண்டாக மடித்துத் தோளில் போர்த்தியிருந்தார். பல முறை துவைத்ததில் பஞ்சு மாதிரி ஆகிவிட்ட துணி. பாறசாலைப் பக்கத்துக்காரன் என்று சொன்னதும், "அப்பம் நல்ல கருப்பட்டி கிட்டுமா?" என்றுதான் முதலில் கேட்டார். பையில் நான்கு இருந்தன. ஊரில் இன்னும் பனையேறும் ஒருவரிடம் வாங்கியது. ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்தார், முதுகைத் தடவிச் சிரட்டைக் கோட்டைப் பார்த்தார். உள்ளே திரும்பி, "சுக்கு இடி, நம்ம நாட்டுக் கருப்பட்டி வந்திருக்கு" என்றார்.

இந்தக் குளிர்காலத்தில் உங்கள் வீட்டில் சுக்குக் காப்பி போடுவீர்கள் என்றால், பனையேறும் ஒருவரைத் தேடிப்பிடித்து அவரிடமே கருப்பட்டி வாங்குங்கள். கன்னியாகுமரி, தூத்துக்குடி, ராமநாதபுரம், பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று எந்தப் பக்கம் போனாலும் விசாரித்தால் ஒருவராவது கிடைப்பார். அவர் சொல்லும் விலையில் பேரம் பேசாதீர்கள்.